கேமை விட முடியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

கோபிச்செட்டிபாளையத்தில் 14 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாலே அதை வைத்திருப்பவர் என்ன செய்கிறார் என்று பாதி தெரிந்துவிடும். டெம்பர் கிளாஸில் இரண்டு மூலை மட்டும் தேய்ந்து மங்கியிருந்தால் அது கட்டைவிரல் ஓடிய தடம். போனைப் படுக்கவாட்டில் பிடிக்கும்போது இடது விரல் ஆளை ஓட்டும், வலது விரல் சுடும். சார்ஜிங் பின் லூசாகி ஆடினால், ஒயரைச் செருகியபடியே படுத்துக்கொண்டு விளையாடியிருக்கிறார்கள். பேட்டரி உப்பி பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றால், ஒரு பக்கம் சார்ஜ் ஏற, ஒரு பக்கம் கேம் ஓட, மாதக்கணக்கில் சூடு தாங்கிய போன் அது.

இந்த மூன்றும் சேர்ந்த போனோடு கடைக்கு வரும் அம்மாக்கள் ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்கள். "அண்ணா, ரிப்பேர் பண்றப்பவே அந்த கேமையும் அழிச்சுக் குடுத்துருங்க." முன்பெல்லாம் நானும் அழித்துக் கொடுத்தேன். என் மகன் போனிலும் அழித்தேன். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போன், ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்கான போனாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அழித்த பிறகு நடந்ததை மூன்றாவது அறிகுறியில் எழுதியிருக்கிறேன். இப்போது அவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கடையில் போன் ஆன் ஆகவில்லை என்று கொண்டுவந்தால் எடுத்த எடுப்பில் போர்டை மாற்ற மாட்டோம். சார்ஜர் சரியா, பின் சரியா, பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். கேம் பழக்கத்திலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். "கேம் அடிமை" என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் ராத்திரி தூங்காத பையனின் கோளாறும், அப்பா அக்கவுண்டிலிருந்து காசு எடுக்கும் பையனின் கோளாறும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அதை மட்டும் முதலில் படியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

சில அறிகுறிகளுக்கு வீட்டில் வைத்தியம் பார்க்கக் கூடாது. பிள்ளை "செத்துப்போறேன்" என்று சொன்னாலும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலும், வீட்டில் இருப்பவர்களை அடித்தாலும், நாள்கணக்கில் சாப்பாடும் குளியலும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாலும் இதற்குக் கீழே படிக்க வேண்டாம். போனைப் பிடுங்கவும் வேண்டாம். பிள்ளையைத் தனியாக விடாமல் பக்கத்தில் ஒருவர் இருங்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்த மாதிரிப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் 'ஷட்' என்று ஒரு கிளினிக் நடக்கிறது. உடம்பு முடியாத பிள்ளையைக் கூட்டிப்போவது போல, வெட்கப்படாமல் கூட்டிப் போங்கள்.

அந்த நிலை இல்லையென்றால், ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் பாருங்கள். ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் உள்ளே 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று இருக்கும். எந்த ஆப் எத்தனை மணி நேரம் ஓடியது, ஒரு நாளில் போனை எத்தனை தடவை திறந்தார்கள் என்று அதிலேயே தெரியும். பிள்ளைக்குத் தெரிந்தே பாருங்கள், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான் நினைத்தது நாளுக்கு மூன்று மணி நேரம். அளந்தபோது ஆறரை.

விளையாடுகிற எல்லோரும் அடிமை இல்லை. உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் கேம் அடிமைத்தனத்தைச் சேர்க்க 2019-ல் ஒப்புதல் கிடைத்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று விஷயங்களைக் கேட்கிறார்கள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது ஆளின் கையை மீறிப் போய்விட்டதா? சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு கேம் முன்னால் வந்துவிட்டதா? கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறதா? இது சாதாரணமாக ஒரு வருட அளவுக்கு நீடித்திருக்க வேண்டும். கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே நோய் என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, கூப்பிட்டதும் எழுந்து வருகிற பையனை "அடிமை" என்று திட்டுவது அவனுக்குச் செய்கிற அநியாயம். அந்தச் சொல்லை ஒரு பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டால் அதுவே தனி நோயாகிவிடும்.

அறிகுறி 1: "ரெண்டே நிமிசம்மா" என்பான், இரண்டு மணி நேரம் ஆகும்

இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லும்போது அவன் நிஜமாகத்தான் சொல்கிறான். கேம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச் சுமார் 10 நிமிடம், 50 பேர் இறங்குவார்கள். அதே மாதிரி கேமான பிஜிஎம்ஐயில் 100 பேர், கடைசிவரை நின்றால் அரை மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலும் நான்கு பேர் கொண்ட ஸ்குவாடாகத்தான் ஆடுவார்கள். நடுவில் எழுந்தால் ரேங்க் புள்ளி போகும். மீதி மூன்று பேர் மைக்கில் கத்துவார்கள். சாப்பிடக் கூப்பிடும் அம்மாவா, அடிபட்டு விழுந்து "டேய் என்னை ரிவைவ் பண்றா" (எழுப்பி விடுடா) என்று கெஞ்சும் நண்பனா என்றால், அந்த வயதில் நண்பன்தான் ஜெயிப்பான்.

மேட்ச் முடிந்ததும் கேம் நிற்க விடாது. தோற்றால் 'இன்னும் ஒன்று ஆடி சரிக்கட்டலாம்'. ஜெயித்தால் 'கை ஓடுது, இன்னும் ஒன்று'. லாபி என்ற முகப்புத் திரைக்கு வந்த நொடியே ஸ்டார்ட் பட்டன் மின்னும். இன்றைய மிஷனில் ஒன்று பாக்கி என்று காட்டும். எப்போது பரிசு விழும் என்று தெரியாமல் விழுகிற பரிசுக்குத்தான் மனசு அதிகம் ஏங்கும். சூதாட்ட மெஷினை ஓட்டுவதும் இதே கணக்குதான்.

சரிசெய்ய: நிமிடக் கணக்கை விடுங்கள், மேட்ச் கணக்குக்கு வாருங்கள். "ஏழு மணிக்கு நிறுத்து" என்றால் ஏழு மணிக்கு அவன் மேட்ச் நடுவில் இருப்பான், சண்டை நிச்சயம். "ஆறரைக்குள் மூன்று மேட்ச், அதற்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது" என்றால் அவனுக்கும் அது நியாயமாகப் படும். ஆப் டைமர் போட்டாலும் இதை நினைவில் வையுங்கள். நடு மேட்சில் டைமர் வெட்டினால் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். மூன்றாவது மேட்ச் ஓடும்போது அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள், வாயே திறக்க வேண்டாம். முடிந்ததும் "என்னாச்சுடா, எத்தனாவது வந்தே?" என்று கேளுங்கள். அதைச் சொல்லிக்கொண்டே எழுந்து வருவான். என் மனைவி கண்டுபிடித்த வழி இது. நான் கத்திக் கத்தி ஒரு வருடத்தில் செய்ய முடியாததை அவள் பத்து நாளில் செய்தாள்.

நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிடுங்கள். "உன் நண்பன் ஆன்லைனில் வந்துவிட்டான்", "இன்றைய பரிசு காத்திருக்கிறது" என்று வரும் செய்திகள்தான் மறுபடி கையைப் பிடித்து இழுப்பவை.

அறிகுறி 2: நடு ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம்

இன்னும் நான்கு அறிகுறி சேர்ந்தே இருந்தாலும் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று மணி வரை ஆடிவிட்டு ஏழு மணிக்கு எழுகிற பையனுக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. மறுநாள் எரிச்சல், மறதி, வகுப்பில் தூக்கம், தலைவலி எல்லாம் வரும். தூக்கமில்லாதவனுக்குத் தன்னைக் கட்டுப்படுத்தும் பலம் இன்னும் குறையும். அதனால் மறுநாளும் கேம்தான். பாதிக் குணக்கேடு தூக்கத்தோடு சேர்ந்து திரும்பிவிடும் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

ராத்திரியில் ஏன் ஆடுகிறார்கள்? ஸ்குவாட் அப்போதுதான் கூடும். எல்லா வீட்டிலும் பெரியவர்கள் தூங்கிவிட்ட நேரம் அது.

சரிசெய்ய: போன் தூங்கும் இடத்தை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் சாமி அறைக்கு வெளியே இருக்கிற அலமாரியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு நாலு போனும் அங்கேதான் சார்ஜ் ஏறும். நாலு போன் என்றால் என்னுடையதும்தான். படுக்கையில் நான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு, அவனை மட்டும் போனை வை என்றால் வைப்பானா? "அலாரத்துக்கு வேணும்" என்றான். கடைவீதியில் ஒரு டைம்பீஸ் வாங்கி வந்தேன். "காலைல வாட்ஸ்அப்புல ஹோம்வொர்க் பாக்கணும்" என்றான். ஆறு மணிக்கு எழுந்ததும் எடுத்துக்கொள் என்றேன். வைஃபை ரவுட்டரை அணைப்பதால் மட்டும் பெரிய பலன் இல்லை, எல்லா சிம்மிலும் டேட்டா இருக்கிறது.

முதல் நாலு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டான். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தான். நானும் போய் உட்கார்ந்தேன். பால் காய்ச்சிக் குடித்தோம். போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது வாரம் பதினொன்றுக்குத் தூங்க ஆரம்பித்தான்.

தென் கொரியாவில் இதையே சட்டமாகப் போட்டார்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று 2011-ல் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, நேரம் வைக்கும் பொறுப்பைக் குடும்பத்திடமே விட்டார்கள். சர்க்காரால் பூட்ட முடியாததை அலமாரியில் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பூட்டுகிறது. அப்பாவும் தன் போனைக் கொண்டுபோய் அதில் வைக்கிறார் என்பதுதான் காரணம்.

அறிகுறி 3: போனை வாங்கினால் கத்துகிறான், பொருளை எறிகிறான்

அழித்த கதைக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை மத்திய அரசு தடைசெய்தது. நான் சந்தோஷப்பட்டேன். என் மகனும் அவன் நண்பர்களும் அதே கேமின் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குப் போய்விட்டார்கள். அதே ஐடி, அதே ரேங்க், அதே நண்பர்கள். அதைப் பார்த்த கோபத்தில் ஒரு நாள் அவன் குளிக்கப் போன நேரம் போனை எடுத்து மொத்தமாக ரீசெட் அடித்துவிட்டேன். கெஸ்ட் அக்கவுண்டில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். மெயிலோடு இணைக்கவில்லை. ஒன்றரை வருடம் சேர்த்த ஐடி போனது போனதுதான்.

குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அப்பா, அதுல என் கில்டு இருந்துச்சுப்பா" என்றான். அப்புறம் ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. பத்தாவது நாள் நண்பன் போனில் புது ஐடி திறந்து, முன்பைவிட அதிக நேரம் ஆட ஆரம்பித்தான், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று. கில்டு என்பது கேமுக்குள் சேர்ந்து ஆடுகிற குழு. அவனுக்கு அது ஒரு ஊர். 30, 40 பேர் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம். அதைக் கேட்காமல் இடித்துவிட்டு, ஏன் கோபப்படுகிறாய் என்று கேட்டால் எப்படி?

அதனால் ஒன்றைக் கெட்டியாகச் சொல்கிறேன். பிடுங்குவது, உடைப்பது, அழிப்பது மூன்றும் முதல் வேலை இல்லை. பழக்கமான ஒன்றைக் குறைக்கும்போது முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல், சலிப்பு, காரணமில்லாத சண்டை, "எனக்கு எதுவுமே புடிக்கல" என்பதெல்லாம் வரும். குறைவதற்கு முன்னால் ஒரு தடவை ஏறும். அந்த ஏற்றத்தில் பயந்துபோய் போனைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்றால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

சரிசெய்ய: சண்டை நடக்கும்போது விதி போடாதீர்கள். சனிக்கிழமை காலை, சாப்பிட்டு முடித்து எல்லோர் மனசும் குளிர்ந்திருக்கிற நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எழுதிய நோட்டை நடுவில் வையுங்கள். "இத்தனை மணி நேரம் ஓடியிருக்கு. நீயே சொல்லு சாமி, எவ்வளவு ஆக்கலாம்?" என்று அவனையே சொல்ல விடுங்கள். ஆறரையிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள். எங்கள் வீட்டில் முதல் வாரம் ஐந்து, அடுத்த வாரம் நான்கு, பிறகு இரண்டு என்று இறங்கினோம். பெற்றோரில் ஒருவர் இறுக்கி ஒருவர் இளக்கினால் எதுவும் நிற்காது. தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். பாட்டி போன்தான் பெரும்பாலும் மாற்றுப் போன்.

பொருளை எறிந்தால் அந்த நேரம் பதிலுக்குக் கத்தாமல் நகர்ந்து போய்விடுங்கள். அடுத்த நாள் உடைந்ததை அவனும் நீங்களுமாகச் சேர்ந்து ஒட்டுங்கள், அல்லது அவன் பாக்கெட் மணியில் வாங்கச் சொல்லுங்கள். அடி வேண்டவே வேண்டாம்.

அறிகுறி 4: அக்கவுண்டில் காசு குறைகிறது

டயமண்ட், யூசி (கேமுக்குள் செல்லும் பணம்), ஸ்கின் (ஆளுக்கும் துப்பாக்கிக்கும் போடும் அலங்கார உடை), எலைட் பாஸ் (காசு கட்டி வாங்கும் சீசன் பாஸ்), லக்கி ஸ்பின் (பரிசுக்காகச் சுற்றும் சக்கரம்) என்று பேச்சில் வந்தால் பேங்க் எஸ்எம்எஸைப் பாருங்கள். 80, 100, 250 என்று சின்னச் சின்னதாகப் போயிருக்கும். ரூபாயை டயமண்டாக மாற்றியதும் அது காசு மாதிரியே தெரியாது. ஸ்கின் போட்டால் ஆட்டத்தில் மரியாதை, சும்மா கிடைத்த உடையோடு இறங்கினால் கேலி. பள்ளியில் ஷூ பிராண்டுக்கு இருக்கிற அழுத்தம்தான் இங்கேயும்.

சரிசெய்ய: பிளே ஸ்டோரில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி செட்டிங்கை மாற்றுங்கள். பிள்ளை கையில் இருக்கும் போனிலிருந்து உங்கள் யூபிஐயையும் கார்டையும் எடுத்துவிடுங்கள். யூபிஐ பின்னைப் பிள்ளை முன்னால் அடிக்காதீர்கள். கவனித்தது தாமதமில்லை என்றால், வாங்கி 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கடையில் ரொக்கம் கொடுத்து ரிடீம் கோட் (பிளே ஸ்டோரில் காசு போலச் செல்லும் எண்) வாங்கவும் முடியும், அதனால் சட்டைப்பையையும் பாருங்கள். போன காசை மிரட்டி வாங்க வேண்டாம். மொத்தம் கூட்டி ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுங்கள். என் மகன் கையில் அந்தத் தாளைக் கொடுத்தபோது அவனே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான்.

ரம்மி, போக்கர், பந்தயம் என்று காசு வைத்து ஆடுவதாக இருந்தால் அது வேறு வியாதி. அதில் வயது வந்தவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் 2022-லேயே சட்டம் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. "விட்டதை எடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னாலே வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு 14416-க்குக் கூப்பிடுங்கள். கடனை உடனே அடைத்துவிட்டு ரகசியமாக வைக்காதீர்கள்.

அறிகுறி 5: மறைத்து ஆடுகிறான்

செகண்ட் ஸ்பேஸ் (ஒரே போனுக்குள் இன்னொரு போன் மாதிரி தனி இடம்), டூயல் ஆப் (ஒரே ஆப்பின் இரண்டாவது பிரதி), ஐகானை ஒளிப்பது, கால்குலேட்டர் மாதிரி தெரிகிற ஒளிப்பு ஆப், போனின் தேதியை மாற்றி டைமரை ஏமாற்றுவது. கடையில் தினமும் பார்க்கிறேன். பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் கீழ் என்றால் நாளுக்கு 3 மணி நேரம்தான் என்று வரம்பு இருக்கிறது, வயதைக் கூட்டிப் போட்டால் அதுவும் போச்சு. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கால்குலேட்டர் ஜிபி கணக்கில் இடம் பிடிக்காது.

ஆனால் இந்தத் துப்பறியும் வேலையில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள், அவனுக்கு நேரம் அதிகம். மறைப்பது இரண்டு காரணத்தால்தான். ஒன்று, விதி தாங்க முடியாத அளவு இறுக்கம். இரண்டு, மாட்டினால் கிடைப்பது அவமானம். விதியைக் கொஞ்சம் தளர்த்தி, "தவறிட்டா நீயே வந்து சொல்லு, திட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவன் வந்து சொல்கிற முதல் தடவை உங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு திட்டாமல் இருங்கள். அன்றைக்குத் திட்டினால் இரண்டாம் தடவை வர மாட்டான்.

அறிகுறி 6: கேமைக் குறைத்தான், ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்

எல்லா வீட்டிலும் தவறவிடுகிற இடம் இது. நாலு மணி நேரத்தைக் காலி செய்துவிட்டு அதில் எதையும் வைக்காவிட்டால், அந்த இடத்துக்கு கேம்தான் திரும்ப வரும். "புஸ்தகத்தை எடுத்துப் படி" என்பது பதில் இல்லை.

கேம் அவனுக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்று அவனிடமே கேளுங்கள். ஒருவன் "அங்க எல்லாரும் என் பேச்சைக் கேப்பாங்க" என்பான். அவனுக்குத் தேவை ஒரு டீம். ஒருவன் "லெவல் ஏறுறது தெரியும்" என்பான். அவனுக்குக் கை வளர்வது கண்ணுக்குத் தெரிகிற வேலை வேண்டும், சிலம்பம், பறை, கீபோர்டு, சமையல், எதுவானாலும் சரி. ஒருவன் "அப்போ எதையும் நெனைக்க வேண்டாம்" என்பான். அந்தப் பிள்ளையிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசுங்கள். அவன் எதையோ மறக்க முயல்கிறான். வகுப்பில் கேலி செய்கிறார்களா, வீட்டில் நடக்கும் சண்டையைக் கேட்கப் பிடிக்கவில்லையா என்று பாருங்கள். மனச்சோர்வோ கவனக்குறைபாடோ அடியில் இருந்தால், அதற்கு மருத்துவம் பார்க்காமல் கேமை மட்டும் நிறுத்த முடியாது.

என் மகன் முதல் வகை. அவனைக் கிரிக்கெட்டுக்கு அனுப்பினேன், போன மூன்றாம் நாளே நின்றுவிட்டான். மைதானத்தில் அவன் புதியவன், கடைசி ஆளாக இறக்கினார்கள். கேமில் ஸ்குவாட் லீடர், இங்கே பவுண்டரி ஓரம் பந்து பொறுக்குபவன். அப்புறம் கடைக்கு வரச் சொன்னேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. ஒரு பழைய பட்டன் போனைக் கொடுத்துக் கழற்றச் சொன்னேன். ஸ்க்ரூவைத் தொலைத்தான், ஒரு ஃப்ளெக்ஸ் கேபிளைக் கிழித்தான். ஒரு மாதத்தில் டிஸ்ப்ளே மாற்றப் பழகிவிட்டான். ஒரு நாள் வயதான பாட்டி ஒருவர் போனில் சத்தம் வரவில்லை என்று கொண்டுவந்தார். ஸ்பீக்கர் வலையில் அடைத்திருந்த தூசியை பிரஷ்ஷால் துடைத்துக் கொடுத்தான். அவர் பேரனிடம் பேசிப் பார்த்துவிட்டு, "நல்லாக் கேக்குது தம்பி, நல்லா இருப்பே" என்று பத்து ரூபாய் கொடுத்தார். அந்த நோட்டை அவன் வெகுநாள் செலவு செய்யவில்லை.

உங்கள் வீட்டில் கடை இருக்காது. மாமா ஒர்க்ஷாப், சித்தப்பா தோட்டம், பள்ளியில் என்சிசி, கோயில் திருவிழாவில் பந்தல் வேலை என்று ஏதோ ஒன்று இருக்கும். அவன் இல்லாவிட்டால் ஒரு வேலை நிற்கும் என்ற நிலை எங்கே உண்டாகிறதோ அங்கே கொண்டுபோய் விடுங்கள்.

அறிகுறி 7: மார்க் சரிந்துவிட்டது

எது முதலில் நடந்தது என்று பாருங்கள். கேம் வந்து மார்க் குறைந்ததா, மார்க் குறைந்து கேமுக்குப் போனானா? கணக்கு எட்டாம் வகுப்பிலேயே விட்டுப்போன பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பு கணக்கு நோட்டைத் திறப்பதே அவமானம். இரண்டாவது வகை என்றால் போனை எடுப்பதோடு, எட்டாம் வகுப்பு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிற டியூஷன் ஒன்று பாருங்கள். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். அந்த இரண்டு வார எரிச்சல் பரீட்சை நேரத்தில் வந்து நிற்கும்.

அறிகுறி 8: ஆடுவது பிள்ளை இல்லை, நீங்களேதான்

இரவு ஷிப்ட் முடிந்து வந்து விடியவிடிய ஆடுகிற தம்பிகள், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு கேண்டி கிரஷ் கேமில் கேண்டி உடைக்கத் தொடங்கி மணி இரண்டு ஆவதைப் பார்க்கிற தங்கைகள் எல்லோரையும் கடையில் பார்க்கிறேன். உங்களிடம் போனை வாங்கி வைக்க யாருமில்லை. கேமை உங்கள் தினப்படி போனிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆடித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய போன் ஒன்றில், ஹாலில் உட்கார்ந்து ஆடுங்கள், படுக்கையில் வேண்டாம். கைக்கும் கேமுக்கும் நடுவே இருபது அடி தூரம் வந்தாலே பாதி தடவை எழுந்து போக மாட்டீர்கள். கணவரிடமோ மனைவியிடமோ நண்பரிடமோ ஒருவரிடம் உண்மையான மணிக்கணக்கைச் சொல்லுங்கள். ஸ்குவாடிலும் சொல்லிவிடுங்கள், "பத்தரைக்கு மேல வரமாட்டேன், என்னை எதிர்பாக்காதீங்க" என்று. முதலில் கிண்டல் செய்வார்கள். அதில் ஒருவனாவது தனியாக மெசேஜ் போட்டு, எப்படி விட்டாய் என்று கேட்பான்.

அறிகுறி 9: விட்டாச்சு என்று நினைத்தோம், திரும்ப வந்துவிட்டது

பெரும்பாலும் லீவில் வரும். காலாண்டு விடுமுறை, பொங்கல், பத்தாம் வகுப்பு முடிந்த மே மாதம். சித்தி வீட்டுக்குப் போய் அங்கே அண்ணன்கள் போனில் தொடங்கும். கேமிலும் புது சீசன் வந்து ரேங்க் எல்லாம் கீழே இறங்கி, எல்லோரும் முதலிலிருந்து ஏறுகிற நேரமாக இருக்கும்.

எல்லாம் பாழாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நோட்டைத் திரும்ப எடுங்கள். முதலில் தூக்கம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள், பத்து மணிக்குப் போன் அலமாரிக்குப் போகிறதா என்று பாருங்கள், பிறகு மேட்ச் கணக்கு. முதல் தடவை மூன்று மாதம் எடுத்தது இந்தத் தடவை பத்து, பதினைந்து நாளில் அடங்கும். லீவு தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமையே லீவுக்கான கணக்கைப் பேசிவிட்டால் இன்னும் சுலபம். லீவில் மேட்ச் கூடலாம், ராத்திரி பத்து மணி மட்டும் மாறக் கூடாது.

என் மகன் இப்போதும் ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று மேட்ச். போன தீபாவளி லீவில் அது நீண்டு ராத்திரி ஒரு மணி வரை போனது. நான் கவனித்தேன், கேட்கவில்லை. நாலாம் நாள் ராத்திரி அவனே அலமாரிக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பீரோ மேல் கிடந்த பழைய டைம்பீஸை எடுத்துச் சாவி கொடுத்தான்.